தாழ் போடாத வீட்டு மழை

இருட்டி விளக்குப் போட்டு, எதிர் வீட்டுக் குழந்தை அன்றைய அழுகையைத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்துகொண்டு, மூட்டை மூட்டையாக அரிசியைச் சுளகில் அள்ளி, அவசரமே இல்லாமல், விடியும்வரை நேரம் கிடக்கிறது என்பதுபோல் புடைத்துக்கொண்டிருக்கிற சத்தம். செல்போனில் செய்தி படித்துக்கொண்டிருந்த ஞானதுரை நிமிர்ந்து காதைக் கொடுத்தார். டெலிபோன் இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து, கம்பம் கம்பமாக ஏறி இறங்கி, சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனவர். இரைச்சல் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ மண்ணுக்கடியில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

"நிலாவுல தண்ணி இருக்கான்னு பார்க்க இன்னொரு ராக்கெட்டாம்," என்று ஆளில்லாத கூடத்தைப் பார்த்துச் சொன்னார். "முதல்ல எங்க காலனிக் குழாய்ல தேடச் சொல்லணும்."

மனைவி போன நாளிலிருந்து செய்தியை இப்படி வாய்விட்டுப் படித்து, அதற்குத் தாமே பதிலும் சொல்லிக்கொள்வது அவர் வழக்கம். வெங்காய விலைக்கு ஒரு கருத்து, வெளிநாட்டுச் சண்டைக்கு ஒரு கருத்து, இன்றைக்கு வெயில் கூடும் என்கிற அறிக்கைக்கு, "நேத்து என்ன குறைஞ்சா கிடந்தது?" என்று ஒரு குறுக்குக் கேள்வி. கொஞ்ச நாளாக அந்தக் கருத்துகளைக் கேட்க ஒரு ஆள் கிடைத்திருந்தது. வால்பாறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அமலோற்பவம். அன்று மாலை, "சாப்பிட்டாச்சா?" என்று ஞானதுரை அனுப்பியிருந்தார். "ஆச்சு. இங்க மழை விடவே இல்ல" என்று பதில் வந்தது. பதில் வந்த கையோடுதான் இந்தச் சத்தம்.

எழுந்து திரும்பினால், டி.வி.க்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில், ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மேலே தளத்தில் ஈரமில்லை. தளத்துக்கு ஒரு முழம் கீழே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அது தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே வானம் நட்சத்திரங்களைக் கொட்டிவைத்துக்கொண்டு, காய்ந்து கிடந்தது. ஞானதுரையின் சூப்பர்வைசர் புத்தி முதலில் டி.வி. பிளக்கைத்தான் பிடுங்கியது. பிறகு வாளியைக் கொண்டுவந்து வைத்தது. யூகலிப்டஸ் இலை வாசனையும் தேயிலை வாடும் வாசனையும் கலந்து, குளிர்ச்சியாக ஒரு காற்று அவர் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனது.

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு பியூலா நின்றாள், எதிர் வீட்டுப் பெண். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பாதி அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவளுக்கே தெரியாது. குழந்தை ரூபன் தினமும் விளக்கு வைத்ததும் அழத் தொடங்கி, தொண்டை கட்டும்வரை அழுவான். இப்போது அவள் தோளில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன சத்தம் அங்கிள்? திடீர்னு அழுகைய நிறுத்திட்டான். பயந்துட்டேன்."

"மழைம்மா. இப்பதான் ஆரம்பிச்சது."

பியூலா எட்டிப் பார்த்தாள். குழந்தையின் காலை உள்ளங்கையால் மூடினாள். "வாளி நிறைஞ்சிடும் போல இருக்கே," என்றாள். "எங்க வீட்டுல ஒரு பெரிய டப் இருக்கு, எடுத்துட்டு வரேன்."

அவள் கதவைத் தட்டாமல் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் குடியிருப்பில் தனியாக இருக்கிறவர்கள் யாரும் உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை. முன்பு ஒரு தரம் கீழ்த்தளத்து மனிதர் ஒருவர் தாழ் போட்டுக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கடப்பாரையால் கதவைப் பெயர்த்து உள்ளே போனவர்கள் பார்த்ததை அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சங்கத்தில் பேசி முடிவு செய்தார்கள்: ஒண்டிக்கட்டைகள் கதவைச் சாத்திவைத்தால் போதும், காலையில் எதிர் வீட்டுக்காரர் தள்ளிப் பார்த்து, "இருக்கீகளா?" என்று ஒரு குரல் கொடுப்பார், உள்ளே இருப்பவர், "இருக்கேன்" என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். ஞானதுரை வீட்டுக் கதவு பியூலா பங்குக்கு வந்தது. தன் வீட்டுக் கதவுக்கோ அவள் மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டையும் போட்டு, அதற்கு மேல் ஒரு நாற்காலியையும் இழுத்துவைத்துத்தான் படுப்பாள். இரவு தோறும் அந்த நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் ஞானதுரைக்குக் கேட்கும். அவருடைய கதவில் தாழ்ப்பாள் இருந்தது என்பதே மறந்துபோய், கடைசியாகப் பெயின்ட் அடித்தவர்கள் அதன் மேலேயும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

அமலோற்பவம் வந்த வழியும் இந்தக் காலைக் குரலுக்கு ஒட்டியதுதான். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தரம், தாங்கள் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்குச் செல்போன் வழியாகக் காட்ட வேண்டும். முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டி, செத்துப்போன ஆள் சிமிட்ட மாட்டான் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வருஷம் ஞானதுரை அதற்கான ஆப்பைத் தேடும்போது, செய்திக்கு நடுவில் நரைமுடித் தம்பதி சிரித்துக்கொண்டிருக்கிற படத்தைத் தட்டிவிட்டார். அது 'மாலைத்துணை' என்று, வயதானவர்கள் பேச்சுத் துணை தேடிக்கொள்கிற இடம். அது முகம் கேட்டது, காட்டினார். பிறந்த தேதி கேட்டது, கொடுத்தார். 'உங்களைப் பற்றி ஒரு வரி' என்று கேட்டது. 'உயிருடன் உள்ளேன்' என்று எழுதிவிட்டு, கடமை முடிந்ததென்று காபி போடப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது ஒரு வரி காத்திருந்தது. 'நானும்.'

பென்ஷன் ஆபீசிலிருந்து இப்படிப் பதில் போடுகிறார்களே, காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று அவர் ஒரு நாள் முழுக்க வியந்துகொண்டிருந்தார். மறுநாள், 'காலை வணக்கம், அங்கே வெயில் உண்டா?' என்று வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அழிக்கப் போன விரல், பதில் போட்டுவிட்டது. அதற்கப்புறம் எழுத்தாகவேதான் பழகினார்கள். குரல் ஒருவருக்கொருவர் தெரியாது. அவருக்குக் கூச்சம். அவளுக்குத் தோட்டத்தில் சிக்னல் பாதி நேரம் இருக்காது.

"எங்க ஊர்ல துரைன்னா பங்களாவுல இருக்கிற மேனேஜர்," என்று அவள் எழுதினாள். "வாழ்க்கை முழுக்க துரைக்குக் கும்பிடு போட்டாச்சு. உங்களையும் துரைன்னு கூப்பிட மாட்டேன். ஞானம்னு கூப்பிடட்டா?"

அவருடைய அம்மா போன பிறகு அவரை யாரும் ஞானம் என்று கூப்பிட்டதில்லை.

பெங்களூரில் இருக்கிற மகள் ஜெஸ்ஸிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "அப்பா, முதல்ல மழைன்னு பேசுவாங்க. அப்புறம் ஓடிபி கேப்பாங்க. ஓடிபி மட்டும் சொல்லிடாதீங்க."

"மழை வந்துடுச்சும்மா. ஓடிபி கேக்கல."

"எங்க வந்துச்சு?"

"கூடத்துல."

மறுமுனையில் ஜெஸ்ஸி, "சுவிட்ச் போர்டுல படாம பாத்துக்கோங்க," என்றாள்.

மழை நிலைத்துவிட்டது. அமலோற்பவம், அவருக்கு இப்போது அமலி, எழுதினால் பெய்யும், எழுதி ஓய்ந்தால் ஓயும். ஒற்றை வரிப் பதிலுக்கு ஒரு வாளி. சின்ன வயதில் யானை வந்து காப்பகத்துக் கூரையைப் பிடித்து இழுத்த கதை மாதிரி நீளமாக எழுதினாளென்றால் கீழ்த்தொட்டி பாதி நிறையும். குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் வருவது எப்போது என்பது யாருக்கும் தெரியாத காலம் அது. கரிசல் மண் வெடித்து, நாய்கள் கார்களுக்கடியில் படுத்து நாக்கைத் தொங்கப்போட்டிருந்த மாதம். ஏன் பெய்கிறது என்று கேட்டவர்கள் இரண்டே பேர், இருவர் வீட்டிலும் சொந்த போர்வெல் இருந்தது. மற்றவர்கள் குழாய் பதிக்க ஆள் கூப்பிட்டார்கள். சங்கச் செயலாளர் ஆவுடையப்பன், முன்னாள் போலீஸ் ஏட்டு, தாமே முன்நின்று கூடத்து மூலையில் துளை போட்டு, ஒரு பச்சை ஹோஸைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கினார். இன்ன வீட்டுக்கு இன்ன நேரம் என்று முறை பிரித்தார். குடை பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் குடையை வாசலில் மடக்காமல், வாசலில்தான் விரிக்கிறார்கள் என்பதில் இரண்டு நாள் சிரிப்பாகக் கிடந்தது. மூன்றாம் நாள் அதுவும் பழகிவிட்டது. பெண்கள் அரிசியும் கீரையும் அங்கேயே அலசினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நனைந்துவிட்டுப் போனார்கள். சுவரோரம் பாசி பிடித்து, ஒரு சின்னப் பெரணிச் செடி, யாரும் நடாமலே, ஸ்டெபிலைசருக்குப் பின்னாலிருந்து சுருண்ட கையை நீட்டியது. ஒரு நாள் மழையோடு அட்டை ஒன்று வந்து ஆவுடையப்பனின் கால் விரலைக் கவ்விக்கொண்டது. உப்புப் போட்டு அதை எடுக்கும்வரை, முப்பது வருஷம் திருடர்களைப் பிடித்தவர் நாற்காலி மேலிருந்து இறங்கவில்லை.

மாலையானால் போதும், ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். "இன்னிக்குப் பேசியாச்சா சார்?"

"ஏதோ பேசினோம்."

"ஏதோன்னா? ரெண்டு வரியா, நாலு வரியா?"

பி பிளாக் கமலவேணி டீச்சர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை, யோசனையே சொல்லிக்கொடுத்தாள். "சும்மா சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சான்னு கேட்டா ஆமான்னு ஒத்த வார்த்தைதான் வரும். அவங்க சின்ன வயசப் பத்திக் கேளுங்க. பொம்பளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். யாரும் கேக்கிறதில்ல, அவ்வளவுதான்."

கேட்டார். தண்ணீருக்காகக் கேட்டதை, கேட்க ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே மறந்தும் போனார். ஐந்து வயதில் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் காணாமல் போய், மூடுபனிக்குள் தன் பெயரை யாரோ கூப்பிடுவதைக் கேட்டும், எந்தத் திசை என்று தெரியாமல் நின்றதை அவள் எழுதினாள். அன்றைக்கு அவர் முழங்கால்வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். ஹோஸ் திணறியது. படுக்கப் போகும்போது எதிர் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. மழை தொடங்கியதிலிருந்து ரூபன் விளக்கு வைத்ததும் தூங்கினான். பியூலாவின் கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவந்தது.

ஒரு தரம் சண்டையும் வந்தது. மதுரைப் பக்கம் பாம்பொன்று கன்றுக்குட்டி ஈன்றதாக அமலி ஒரு படம் அனுப்பினாள். ஞானதுரை அது பொய்ப்படம் என்றும், கம்ப்யூட்டரில் செய்தது என்றும், படித்தவர்கள் இதையெல்லாம் பரப்பக் கூடாது என்றும் நீட்டி முழக்கி எழுதினார். "அது பொய்னு எனக்குத் தெரியாதா? நீங்க சிரிப்பீங்கன்னு அனுப்பினேன்" என்று வந்தது. அதோடு சரி. வாளிகள் காலியாகக் கிடந்தன. பாசி பொரிந்து உதிர்ந்தது. ஆவுடையப்பன் தலைமையில் ஒரு கூட்டமே வந்து, ஞானதுரையை நடுவில் உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்க என்ன எழுதலாம் என்று விவாதித்தது. 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கலாம் என்றார் ஆவுடையப்பன். ஞானதுரை எல்லோரையும் அனுப்பிவிட்டு, இரண்டு தலை ஆடு ஒன்று தன் நான்கு கண்ணாலும் அழுகிற பொய்ப்படத்தைத் தேடி எடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் தூறல் போட்டது.

பிறகு ஒரு நாள் அவள் எழுதினாள். "ரிட்டையர் ஆனவங்க தோட்டத்து வீட்டக் காலி பண்ணிக் குடுக்கணும். எனக்கும் சொல்லிட்டாங்க. அண்ணன் மகன் வீட்டுக்குக் கூப்பிடுறான். அங்க அவன் மாமியாரும் இருக்காங்க, நாயும் இருக்கு, இடம் இல்ல. ஞானம், நான் அங்க வரட்டா?"

மழை அன்றைக்கு மெல்லப் பெய்தது. தூங்குகிற ஆளை எழுப்ப வேண்டாமென்று நடப்பவர்களின் காலடி மாதிரி. அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். சமையலறையில் இன்னொரு டம்ளர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார். இருந்தது. கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

இந்தச் செய்தி குடியிருப்புக்கு எப்படித் தெரிந்ததென்றால், அவர் அதையும் வாய்விட்டுத்தான் படித்தார். மறுநாள் மாலை எல்லோரும் வந்து, மழைக்கு நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீக," என்றார் ஆவுடையப்பன். "அந்தம்மா வரட்டும். யாரு வேண்டாங்கா? ஆனா அவுக இங்க வந்துட்டா, அங்க இருந்து உங்களோட பேசுறதுக்கு யாரு இருப்பா?"

ஞானதுரை அதை யோசித்திருக்கவில்லை.

"இந்தச் சித்திரை, வைகாசி தாண்டட்டும்னுதான் கேக்கோம். அதுக்குள்ள வானமே பார்த்து ஏதாவது செஞ்சா, அப்புறம் ராஜாத்தி மாதிரி வரட்டுமே."

"மனசு ஒத்துப்போச்சுன்னா தூரம் ஒரு பொருட்டா சார்?" என்றாள் கமலவேணி டீச்சர். "தினமும் பேசிட்டுத்தான இருக்கீங்க. பேச்சுல என்ன குறை?"

"பேச்சுக்குக் காபி போடத் தெரியலையே டீச்சர்."

சிரித்தார்கள். ஆனால் யாரும் நகரவில்லை. குடைகளின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய மனைவியின் சவப்பெட்டியைக் குறுகலான அந்த மாடிப்படியில், சாய்க்காமல், தோள் மாற்றி இறக்கியவர்கள் இவர்கள். அவருக்குக் காய்ச்சல் கண்டபோது ரசம் கொண்டுவந்தவர்கள். காலையில், "இருக்கீகளா?" என்று கேட்பதற்கு உலகத்தில் அவருக்கு வாய்த்தவர்கள். கூட்டத்துக்குப் பின்னால் வாசற்படியில் பியூலா, தூங்குகிற குழந்தையோடு நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தூங்குகிற முகத்தைப் பார்த்ததுதான் அவரை அசைத்துவிட்டது.

அவர்கள் போன பிறகு எழுதினார். "அமலி, இங்க வெயில் கடுமையா இருக்கு. உங்களுக்குத் தாங்காது. மழைக்காலம் வரட்டும், பார்த்துக்கலாம்." எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மொத்தமும் பொய்யாக இருந்தது.

"சரி" என்று பதில் வந்தது.

அந்த ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு துளி விழுந்தது. காலி வாளியின் அடியில் அது விழுந்த சத்தம், வீடு முழுக்கப் போய், சுவரில் முட்டித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. அவர் எழுதியதற்கெல்லாம் பதிலும் இல்லை.

பாசி காய்ந்தது. பெரணி தன் கையைச் சுருட்டிக்கொண்டது. குடியிருப்பு பழையபடி குடங்களை எடுத்துக்கொண்டு லாரி வரும் முக்குக்குப் போனது. போகிறபோது அவர் ஜன்னலைப் பார்த்து, "ஏதாவது பதில் வந்துச்சா சார்?" என்று கேட்டது. பார்க்கவும் கூசியது. விளக்கு வைத்ததும் ரூபன் அழத் தொடங்கினான். விட்ட இடத்திலிருந்து, விட்ட நாட்களுக்கும் சேர்த்து அழுதான். ஞானதுரை செய்தி படிப்பதை நிறுத்தினார். நிலாவில் தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. கவிழ்த்துவைத்த டம்ளர் கவிழ்ந்தபடியே இருந்தது.

ஒரு காலை, பியூலா கதவைத் தள்ளிக் குரல் கொடுத்தாள். "இருக்கீங்களா அங்கிள்?"

படுக்கையிலிருந்து சத்தம் வர நேரமாயிற்று. "தெரியலம்மா," என்றார் ஞானதுரை.

அவள் உள்ளே வந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், சூடில்லை. காபி போட்டாள், குடிக்கவில்லை. தலைமாட்டில் கிடந்த செல்போனை எடுத்து, அவரைக் கேட்காமலே அமலிக்குப் போட்டாள். எழுத்தில்லை. அழைப்பு. இடுப்பில் ரூபன் சிணுங்கிக்கொண்டிருந்தான். மணி வெகு நேரம் அடித்து, எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கும்போது ஒரு பெண் குரல், "யாரு?" என்றது.

"ஆன்ட்டி, நான் எதிர் வீட்டுப் பியூலா. உங்கள வர வேண்டாம்னு அவர் சொல்லல. நாங்க சொன்னோம். தண்ணிக்காகச் சொன்னோம். நான் வாயத் திறந்து சொல்லல, ஆனா புள்ளையத் தூக்கிட்டு வந்து நின்னேன். சொன்ன மாதிரிதான்."

மறுமுனையில் மழை மட்டும் கேட்டது.

"தினமும் காலைல இந்தக் கதவுல கைய வச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கிறேன் ஆன்ட்டி. தள்ள மாட்டேன். உள்ள என்னமாவது ஆகியிருந்தா, புள்ளையோட நான் தனியா என்ன பண்ணுவேன்னு நிப்பேன். என் வீட்டுல ராத்திரியெல்லாம் பயம், விடிஞ்சா இங்க பயம். என்னால முடியல. நீங்க வாங்க."

"நான் வந்தா மழை இருக்காதேம்மா. அவர் எழுதியிருக்காரு, உன் புள்ள அந்தச் சத்தத்துலதான் தூங்குறான்னு."

"அழட்டும். என் புள்ளதான."

"அவர்ட்ட குடு," என்றது குரல்.

ஞானதுரை எழுந்து உட்கார்ந்து செல்போனை வாங்கிக்கொண்டார். இத்தனை மாதத்தில் கேட்டிராத குரல். மூடுபனியில் கூப்பிடும் குரல் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. தெரிந்த ஒரே வரியைச் சொன்னார்.

"உயிரோட இருக்கேன், அமலி."

மூச்சு வாங்குகிற சத்தம். "நானும்."

"வாங்க. யாரு என்ன சொன்னாலும் வாங்க."

அப்போது கொட்டியது. பாய் அளவு இடத்தில் இல்லை, கூடம் முழுக்க, படுக்கையறைக்குள், சமையல் மேடை மேல், இயேசு படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில். ஹோஸ் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் வாசலைத் தாண்டி, மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கியது. குடியிருப்பு முழுவதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. கடைசி மழை என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அண்டா, குடம், குக்கர், பிளாஸ்டிக் டிரம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, தேநீர் பிளாஸ்க் என்று இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்பதுபோல மாடிப்படியில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, ஒரு வார்த்தை பேசாமல் நிரப்பினார்கள். நடுவில், நனைந்த பனியனோடு, ஞானதுரை பேசிக்கொண்டிருந்தார். நிலா, வெங்காயம், வெயில், பாம்பு போட்ட கன்றுக்குட்டி.

அமலோற்பவம் பஸ்ஸில் வந்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு துணிப்பை, மடக்கிய குடை. எதிலும் ஈரமில்லை. பெட்டியை வாங்கிக்கொண்ட ஆவுடையப்பன் அவள் தலைக்கு மேலே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். வெறும் வெயில்.

"மழைய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டீகளா?"

"பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க," என்றாள்.

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் போன கோபத்துக்கு அது வராமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

கூடத்துக்கு வந்ததும் அவள், மழை பெய்த இடத்தில் போய் நின்று, காய்ந்த பாசியைக் கால் விரலால் தொட்டாள். "இவ்வளவு இடத்துலதான் எங்க வீட்டுலயும் அடிச்சது," என்றாள்.

"என்னது?"

"உங்க ஊர் வெயில். நீங்க எழுதினாலே அடுப்படியில அடிக்கும். மஞ்சளா, மொறுமொறுன்னு. தோட்டத்து லைன் வீடுகள்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் என் வீட்டுலதான் துணி காயப்போட்டாங்க. பச்சைப்புள்ளத் துணி, மழைக்குக் காயாம நாறிக் கிடந்ததெல்லாம் என் அடுப்படியில காஞ்சது. நான் கிளம்புறேன்னதும் அழுதாங்க. போகாதக்கா, துணிய எங்க போடுறதுன்னாங்க."

"என்ட்ட சொல்லவே இல்லையே."

"வெயிலுக்காகப் பேசுறேன்னு நினைப்பீங்க." குனிந்து பெட்டியைத் திறந்தாள். நிமிராமலே சொன்னாள். "அவங்க சொன்னத நான் கேக்கல, ஞானம். நீங்க கேட்டீங்க."

அவர் சமையலறைக்குப் போய், கவிழ்த்துவைத்த டம்ளரை நிமிர்த்தி, காபி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்தாள். "சீனி கூடிப்போச்சு," என்றாள்.

அவர் சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவர், அவள் ஆர்.சி. இரண்டு கோயில்காரர்களும் முகத்தைச் சுளித்து, இந்த வயதில் என்று இழுத்து, கடைசியில் ஆசீர்வாதத்துக்கு நாள் குறிக்கும்வரை அவள் பியூலா வீட்டில் தங்கினாள். முதல் நாள் விளக்கு வைத்ததும் ரூபன் தொடங்கினான். அமலி அவனை வாங்கி, முன்னங்கையில் குப்புறப் போட்டு, முதுகில் தட்டியபடி, "உஸ்ஸ்ஸ்" என்றாள். தோட்டத்துத் தாய்மார்கள் கொழுந்து கிள்ளப் போன காலமெல்லாம், மழை கூரையில் இறங்கிய காலமெல்லாம், எத்தனையோ பிள்ளைகளை அவள் தூங்கவைத்த அந்த ஒற்றை ஓசை. கேட்டுக்கொண்டிருந்த பியூலா, உட்கார்ந்த இடத்திலேயே, செருப்புக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

குடியிருப்பு லாரித் தண்ணீருக்குப் போனது. சலித்துக்கொண்டது. சண்டை போட்டது. ஆனால் மாலையானால் கால் பழக்கத்தில் ஞானதுரை கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது. சிலர் மறந்துபோய்க் குடையும் கொண்டுவந்தார்கள். அவர் செய்தியை வாய்விட்டுப் படித்தார். அமலி குறுக்கே கேள்வி கேட்டாள். "முன்னாடி இவரு பேசுறது நமக்குத் தண்ணியாவது குடுத்துச்சு," என்றார் ஆவுடையப்பன். பெரணிக்கு அமலி தினமும் ஒரு டம்ளர் ஊற்றினாள். அது கையை விரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஆசீர்வாதம் முடிந்து, பிரியாணி சாப்பிட்டு எல்லோரும் போன அன்றிரவு, அவள் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். கையை மேலே கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள்.

"தாழ்ப்பாள் இருக்கே. ஏன் போடுறதில்ல?"

அவர் கீழ்த்தளத்து மனிதரைப் பற்றிச் சொன்னார். கடப்பாரையைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய், கத்தியும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் எடுத்துவந்து, தாழ்ப்பாளின் மேல் கெட்டிப்பட்டிருந்த பெயின்டைச் சுரண்டத் தொடங்கினாள். பச்சைச் செதில்கள் தரையில் உதிர்ந்தன.

"ராத்திரி எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்.

"நான் திறப்பேன்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நீங்க திறங்க. அதுக்குத்தான ரெண்டு பேரு." கிண்ணத்தில் விரலை முக்கித் தாழ்ப்பாளில் தடவினாள். "எனக்கு எட்டல. நீங்க போடுங்க."

அவர் கையை வைத்தார். உடனே தள்ளவில்லை. எதிர் வீட்டில் பியூலா தன் மேல் தாழைப் போடுவது கேட்டது. கீழ்த் தாழ் கேட்டது. அடுத்தது நாற்காலி இழுபடும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். வெகு நேரம் காத்திருந்தார். அது வரவில்லை. பியூலாவும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று, இந்தத் தாழ் விழும் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

தள்ளினார். தாழ்ப்பாள் முதலில் அசையவில்லை. பிறகு முனகிக்கொண்டு, எண்ணெய் வழிய, உள்ளே போய் விழுந்தது.